ஜெபித்த எண்ணெய்

பதினான்காம் அத்தியாயம்

ஒன்பது நாட்களாகியும் அந்தப் புட்டி கிடைக்கவில்லை.

நூறு மில்லி கொள்ளும் பழுப்புக் கண்ணாடிப் புட்டி. அதில் கழுத்துவரை இருந்தது வேறெதுவும் கலக்காத கிராம்பு எண்ணெய். குன்னத்துகால் சந்திப்பை அடுத்த தன் வீட்டின் முன்னறையில் லிஜா நடத்திவந்த வாசனைச் சிகிச்சை நிலையத்தின் அலமாரியிலிருந்து அது மறைந்தது. பூட்டு உடைக்கப்படவில்லை, சாவி வழக்கமான ஆணியிலேயே தொங்கிற்று. ஆகவே எடுத்தவர் வீட்டில் உள்ளவரே என்று லிஜா தீர்மானித்தாள். கணவன் ஷாஜியைக் கேட்டாள்.

பல்வலி என்று வந்த சிநேகிதனுக்கு அவன் முன்பொரு முறை அவளைக் கேட்காமல் அந்த எண்ணெயைப் பஞ்சில் தோய்த்துக் கொடுத்தவன். "இந்தத் தடவ நான் எடுக்கல்ல" என்று அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து இருவருடைய பேச்சும், "சோறு வச்சிருக்கு", "செரி" என்ற இரண்டு வாக்கியங்களோடு நின்றிருந்தது.

அவளுடைய கோபத்தின் அடியில் இருந்தது அச்சம். திருவனந்தபுரத்தில் ஆறு மாதம் அவளுக்கு இந்தத் தொழிலைக் கற்பித்த விலாசினி டீச்சர், முதல் நாளே ஒரு தெர்மோகோல் துண்டின்மேல் கிராம்பு எண்ணெயைத் துளித்துளியாக விட்டுக் காட்டினார். சிறிது நேரத்தில் அந்த இடம் குழிந்து உள்வாங்கிற்று. "இதை அப்படியே தொலியில தேய்க்கிறவளுக்கு என் கையால சர்ட்டிபிகேட் கிடையாது" என்றார் டீச்சர்.

இரண்டு தேக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கு ஒரே ஒரு துளி. அதையும் முதலில் முழங்கையின் உட்புறம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே தோள்வலிக்கும் இடுப்புவலிக்கும் தேய்க்க வேண்டும். அறையில் மணம் பரப்புவதற்குத் தண்ணீர்க் கிண்ணத்தில் இரண்டு துளி போதும். சன்னல் திறந்திருக்க வேண்டும். லிஜா இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தாள். புட்டியின்மேல் மலையாளத்திலும் தமிழிலும், "உள்ளே கொடுக்கக் கூடாது, குழந்தைகளுக்கு ஆகாது" என்று எழுதி ஒட்டியும் இருந்தாள்.

அந்தப் புட்டி யார் கையில் இருக்கிறது? கறிக்கு மணமூட்ட வாங்கியது என்று நினைத்து யாராவது சட்டியில் ஊற்றிவிட்டால்? இருமலுக்கு நல்லது என்று விழுங்கிவிட்டால்? ஒன்பது நாட்களாக அவள் சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம் மோந்து பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, கிணற்றடியிலிருந்து மாமனார் ஜெயதாஸின் குரல் கேட்டது.

"எலே ஷாஜி! ஒரு துண்டு எடுத்துட்டு வா மக்கா. நல்ல துண்டு வேண்டாம்."

நல்ல துண்டு ஏன் வேண்டாம் என்பது, அவரைப் பார்த்தவுடன் விளங்கிற்று. மூக்கிலிருந்து வழிந்த இரத்தம் வெள்ளை மீசையை நனைத்து, மார்பில் இறங்கியிருந்தது. முகம் கழுவும்போது தொடங்கியதாம். கால் மணி நேரமாக நிற்கவில்லையாம்.

மாமியார் ரத்னபாய் ஓடிவந்து, அவருடைய தலையைப் பின்னால் சாய்த்து, உச்சியில் தண்ணீரை ஊற்றத் தொடங்கினாள்.

"சாய்க்காதீங்க மாமி! ரத்தம் தொண்டைக்குள்ள போகும்" என்று லிஜா அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள். "முன்னால குனிஞ்சு இருங்க மாமா. மூக்க இந்த இடத்துல அமுக்கிப் பிடிங்க. வாயால மூச்சு விடுங்க."

"வாயால மூச்சு விட்டா எப்பிடிப் பேசது?" என்றார் ஜெயதாஸ், அமுக்கிய மூக்கின் வழியாக.

"பேசாண்டாம்."

"நாப்பது வருசமா உங்க மாமிக்குச் சொல்லத் தெரியாம போன மருந்தாக்கும் இது."

யாரும் சிரிக்கவில்லை. ஜெயதாஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இருதயத்தில் செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். அன்றுமுதல் நாள் தவறாமல், இரத்தம் உறையாதிருப்பதற்கான மாத்திரையை விழுங்கிவருகிறார். மாத்திரை குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டும். மிகுந்தால் எங்கிருந்து வேண்டுமானாலும் இரத்தம் கசியும். அந்த நடுவழியில் அவரை நடத்திச்செல்வதுதான் நான்கு ஆண்டுகளாக அந்த வீட்டாரின் கவலை.

துண்டை மாற்றிக் கொடுக்கக் குனிந்த லிஜா, அப்படியே நின்றுவிட்டாள். இரத்தத்தின் வாடையைத் தாண்டி, அவருடைய மூச்சில் கிராம்பு மணந்தது.

ஷாஜியும் அதை மோந்திருக்க வேண்டும். ஒன்பது நாட்களுக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் புதிய வாக்கியம் இதுவாக இருந்தது:

"நீ அப்பாவுக்கு வல்ல எண்ணெயும் தேச்சியா?"

"வெறும் தேங்காயெண்ணெய்கூட நான் தொட்டுத் தேய்க்கல்ல."

அவன் ஜீப் பிடிக்க ஓடினான்.

நெய்யாற்றின்கரைக்குப் போகும் சாலையின் ஒவ்வொரு குழியையும் அன்று அவர்கள் அறிந்தார்கள். முன்னிருக்கையில் ஷாஜி, பின்னால் ஜெயதாஸுக்கு இருபுறமும் மனைவியும் மருமகளும். ரத்னபாய் கண்களை மூடி, உதடுகள் மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த கறுப்புப் பையை இரு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

லிஜா தன்னைத்தானே விசாரித்தாள். முன்னறையில் நாள்தோறும் மாலையில் மணக்கிண்ணம் வைக்கிறாள். கிராம்பு இரண்டு துளி, ஆரஞ்சுத்தோல் எண்ணெய் மூன்று துளி. கதவு அடைத்திருந்தாலும் மணம் உள்ளே போகாதா? அதை மூச்சில் இழுத்தே இப்படி ஆகியிருக்குமா? இரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கிராம்பு எண்ணெய் கூடாது என்று நோட்டில் எழுதிவைத்து, அதன் அடியில் சிவப்பு மையால் கோடும் இட்டவள் அவள். எழுதிவைத்தவள், அவர் வசிக்கும் வீட்டிலேயே கடை விரித்தது ஏன்?

"மாமா, பல்லு தேய்க்கும்போ ரத்தம் வந்துதா, இதுக்கு முன்னால?"

"நாலு நாளாட்டு வருது."

"சொல்லல்லியே?"

"பிரஷ் புதுசுல்லா? அதாக்கும்னு நினைச்சேன்."

ஜீப் அமரவிளைப் பாலத்தைக் கடந்தபோது மூன்றாவது துண்டும் நனைந்திருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் கனகதாஸ், இளைஞர், பேச்சில் சிக்கனமானவர். மூக்கினுள் பஞ்சுத்திரி வைத்தார். இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து வந்த தாளைப் பார்த்தவர், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ரத்தம் எவ்வளவு இளகியிருக்குன்னு காட்டுற நம்பர் மூணுல நிக்கணும். எட்டுல இருக்கு. மாத்திரை ரெண்டு தடவ போட்டீங்களா?"

"இல்ல டாக்டர். ராத்திரி ஒண்ணு. ஷாஜி எடுத்துத் தருவான்."

"வேற மருந்து? வைத்தியர் கஷாயம்? தலைவலி மாத்திரை? குடி உண்டா?"

"குடியா? சபையில நான் மூப்பனாக்கும்."

டாக்டர் அருகில் குனிந்தார். "கிராம்பு மணக்குதே. பல்வலிக்கு எண்ணெய் வச்சீங்களா?"

ஜெயதாஸ் மனைவியைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"அது பல்வலிக்கு இல்ல டாக்டர். அது... ஜெபம்."

"ஜெபமா?"

"ஜெபிச்ச எண்ணெய். தேன்ல விட்டுத் தருவா. நாக்கு மரத்துப் போகும். வல்லமை இறங்குதுன்னு நினைச்சேன்."

"யாரு தந்தது?"

அறையில் இருந்த செவிலியர் உட்பட எல்லாரும் லிஜாவைப் பார்த்தார்கள். அவள் செய்யும் தொழில் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அவளுக்கு முன்னால் பேசியவன் ஷாஜி.

"இவ தந்திருக்க மாட்டா டாக்டர். ஒரு பஞ்சுத்துண்டு எடுத்ததுக்கு ஒரு மாசம் என்ன வாங்கு வாங்குனா தெரியுமா? இப்பம் ஒரு குப்பி காணல்லன்னு ஒம்பது நாளா என்கிட்ட மிண்டல்ல. இவளாக்கும் அப்பா வாயில ஊத்தப் போறா!"

லிஜா தலை நிமிர்ந்தாள். நன்றி சொல்ல அது நேரமன்று. அவன் பக்கமாக ஓர் அடி நகர்ந்து நின்றாள்.

"நானாக்கும்" என்றாள் ரத்னபாய்.

குரல் மிகத் தணிந்திருந்தது. டாக்டர் இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது.

"நானாக்கும் தந்தது. காலையில ஆறு சொட்டு, வைகிட்டு ஆறு சொட்டு. எட்டு நாளாட்டு."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தாளில் எழுதிக்கொண்டே சொன்னார்: "எட்டுக்கு இது மட்டுந்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண முடியாது அம்மா. ஆனா இந்த மாத்திரை சாப்பிடுறவரு இத ஒரு சொட்டும் விழுங்கக் கூடாது. மத்தவங்களும் விழுங்கக் கூடாது. ஈரலுக்குக் கேடு. நல்ல வேளை, மூக்கோட நின்னுது. தலைக்குள்ள கசிஞ்சிருந்தா, உங்களுக்குத் துண்டு எடுக்கவே நேரம் இருந்திருக்காது."

ஜெயதாஸைப் படுக்கையில் சேர்த்தார்கள். மருந்து கொடுத்து, அடுத்த சோதனைவரை மாத்திரையை நிறுத்திவைத்தார்கள். பதினொரு மணிக்கு மூக்கிலிருந்த திரி வெண்மையாகவே இருந்தது. "எனக்கு விசக்குது" என்றார் அவர். பசி என்ற அந்தச் சொல்லைக் கேட்ட ஷாஜி, சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வெளியே நடையில், மர பெஞ்சில் ரத்னபாய் அமர்ந்திருந்தாள். லிஜா அவளருகே சென்று அமர்ந்தாள்.

"எதுக்கு மாமி?"

"உனக்கு வேண்டியும்தான் எடுத்தேன் பிள்ளே" என்றாள் மாமியார். "பனச்சமூட்டுல ஜெபக்கூட்டம் நடந்துதில்லியா? கடைசி நாள் எல்லாரும் எண்ணெய்க் குப்பி கொண்டு வந்து மேசையில வைப்பாங்க. எல்லாரும் தேங்காயெண்ணெய் வைக்கும். நான் நினைச்சேன், நல்ல வாசனை உள்ளத வைப்போம். உன் தொழிலுக்கும் ஒரு ஆசீர்வாதம் ஆகட்டும். ஆளுக்காளு பின்னால நின்னு சொல்லுதாங்க, ஜெயதாஸ் மருமவ தடவுக கடை வச்சிருக்கான்னு. ஜெபிச்ச பொறவு அப்பிடிச் சொல்ல மாட்டாங்கல்லா?"

மாமியார் தன் தொழிலை வெறுக்கிறாள் என்றே மூன்று ஆண்டுகளாக லிஜா நினைத்திருந்தாள்.

"குப்பி மேல எழுதி ஒட்டியிருந்தேனே, மாமி. உள்ள கொடுக்கக் கூடாதுன்னு."

"அத வெள்ளத்துல ஊறவச்சு எடுத்துட்டேன். மேசையில நூறு குப்பி இருக்கும்; மாறிப் போகாம இருக்க வீட்டுப்பேரு எழுதி ஒட்டணும்." அவள் கறுப்புப் பையைத் திறந்தாள். "பிரசங்கியார் நெத்தியில தொட்டு வைக்கத்தான் சொன்னாரு. நான்தான்... நெத்தியில வச்சா பலன் உண்டும்னா, உள்ள போனா கூடுதல் பலன் உண்டும்னு நினைச்சேன். வால்வு உள்ளல்லியா இருக்கு?"

பையிலிருந்து புட்டி வெளியே வந்தது. எச்சரிக்கை எழுதியிருந்த இடத்தில், நோட்டுத்தாளைக் கிழித்து ஒட்டிய ஒரு துண்டு. அதில் பெரிய எழுத்தில், 'ஜெயதாஸ் குடும்பம், குன்னத்துகால்'.

லிஜா அதை வாங்கி, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

எண்ணெய் பாதிக்கும் சற்றுக் கீழே நின்றது.

துளிகளைக் கொண்டு அளப்பதே அவள் தொழில். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சொட்டு. எட்டு நாளைக்குத் தொண்ணூற்றாறு. அது மொத்தம் ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். புட்டியின் கழுத்தளவுகூட இறங்கியிருக்கக் கூடாது.

அவள் இரண்டாம் முறை கணக்கிட்டாள். விடை மாறவில்லை.

"மாமி, பாக்கி எங்க?"

"என்ன பாக்கி?"

"எண்ணெய். நீங்க கொடுத்தது ஒரு ஸ்பூனுக்கு மேல இல்ல. அம்பது மில்லி எங்க போச்சு? கொட்டிப் போச்சா? கொட்டிப் போச்சுன்னு சொல்லுங்க மாமி."

ரத்னபாய் அவளை வியப்போடு பார்த்தாள்.

"ஜெபிச்ச எண்ணெய ஒரு வீட்டுல மட்டும் வச்சுக்கிட்டு இருக்கப் பிடாது. தேவை உள்ள வீட்டுக்குப் பாதி கொடுக்கணும். எங்க அம்மை காலத்துலயே அதாக்கும் முறை."

"யாருக்குக் கொடுத்தீங்க?"

"நம்ம சத்தியபாய்க்கு."

சத்தியபாய், ரத்னபாயின் தம்பி மகள். பனச்சமூட்டைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள் வாழ்க்கைப்பட்டவள். ஆறு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற ஆண் குழந்தை பெனோவுக்கு இப்போது ஏழு மாதம்.

லிஜா எழுந்து நின்றுவிட்டிருந்தாள்.

"எப்பம்?"

"நேத்து வைகிட்டு. பஸ்ஸுக்கு வந்தப்போ வீட்டுல கேறுனா. பிள்ளைக்குப் பல்லு முளைக்குது, ராத்திரி எல்லாம் ஒரே அழுகையும் கரைச்சலுமாம். நான் ஒரு இருமல் மருந்துக் குப்பியக் கழுவி..." ரத்னபாயின் சொற்கள் பாதியில் நின்றன. மருமகளின் முகத்தில் கண்டது, உள்ளே டாக்டர் சொன்னவற்றோடு இப்போதுதான் சேர்ந்தது. "ரெண்டு சொட்டுன்னு சொன்னேன் மோளே. ரெண்டே சொட்டுன்னு சொன்னேன்."

"இருமல் மருந்துக் குப்பியில சொட்டு எப்பிடி மாமி விழும்? ஊத்தத்தான் முடியும்."

அவள் ஓடினாள். பின்னால் ஷாஜி ஏதோ கேட்டான். அவள், "டாக்டர்கிட்ட சொல்லுங்க, கைப்பிள்ளை விழுங்கியிருக்கலாம்னு சொல்லுங்க!" என்று கத்திவிட்டு மருத்துவமனை வாயிலைக் கடந்தாள்.

எதிரே எஸ்.டி.டி. கூண்டு ஒன்று இருந்தது. உள்ளே ஒருவர் நாகர்கோவிலில் உள்ள யாரிடமோ ரப்பர் ஷீட்டைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். லிஜா கதவைத் திறந்தாள். "அண்ணா, ஒரு சின்னப்பிள்ளைக்குத் தீனம். போனத் தாங்க." அவளுடைய முகத்தைப் பார்த்தவர், விடைபெறாமலேயே இணைப்பைத் துண்டித்து வெளியே வந்தார்.

சத்தியபாயின் வீட்டில் தொலைபேசி இல்லை. அவர்கள் வீட்டுக்கு முன்னால் எலியாவின் பலசரக்குக் கடை. அந்த எண் அவளுக்கு மனப்பாடம். ஜீப்பில் முக்கால் மணி நேரத்தில் எட்டிவிடும் ஊர் அது. ஆனால் இடையே மாநில எல்லை இருந்ததால், நீண்ட எண்ணைச் சுழற்ற வேண்டும். முதல் முறை, எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் இருப்பதாக ஒரு குரல் சொன்னது. இரண்டாம் முறை ஒன்றுமே இல்லை. மூன்றாம் முறை மணி அடித்தது.

"எலியா ஸ்டோர்."

"அண்ணா, குன்னத்துகால் லிஜாவாக்கும். சத்தியபாயக் கூப்பிடுங்க. ஓடிப் போய்க் கூப்பிடுங்க, நான் லைன்ல நிக்கேன்."

"அவ இங்கதான் நிக்கா, சோப்பு வாங்கிட்டு" என்றார் எலியா. "ஏ சத்தியபாய், உனக்கு!"

சோப்பு வாங்குகிறாள், அப்படியானால் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, அழவில்லை. சோப்பு வாங்குகிறாள்.

"அக்கா!" சத்தியபாயின் குரல் மகிழ்ச்சியாக இருந்தது. "என்ன அதிசயம், எஸ்.டி.டி. எல்லாம் போட்டு விளிக்கிய?"

"சத்தியபாய், மாமி தந்த எண்ணெய் எங்க இருக்கு? பிள்ளைக்குக் கொடுத்தியா?"

"கொடுத்தேன் அக்கா! மாமிக்குக் கோடி நன்றின்னு சொல்லணும். ஒரு மாசமா நான் ஒரு ராத்திரி கண்ணடைக்கல்ல, தெரியுமா?"

"எவ்வளவு கொடுத்த?"

"மாமி ரெண்டு சொட்டுன்னுதான் சொன்னாவ. அது குப்பியிலேருந்து ஒண்ணாட்டு விழுந்துட்டு. ஒரு ஸ்பூன் இருக்கும். ஜெபிச்ச எண்ணெய எப்பிடிக் கீழ களையது? பால்ல கலந்து கொடுத்துட்டேன். முதல்ல கொஞ்சம் கரைஞ்சான், கக்குனான். பொறவு நல்ல உறக்கம்."

"எப்பம் கொடுத்த?"

"காலத்த ஆறு மணிக்கு."

கூண்டின் சுவரில் இருந்த கடிகாரம் பதினொன்று ஐம்பது காட்டிற்று.

"இடையில எழும்புனானா? பால் குடிச்சானா?"

"இல்ல அக்கா. பத்து மணிக்குப் பால் கொடுக்கத் தூக்குனேன். கண்ணே தொறக்கல்ல, கை காலு எல்லாம் தளந்து அப்பிடி ஒரு உறக்கம். பாவம், எத்தன நாள் அசதியோ, கிடக்கட்டும்னு திரும்பத் தொட்டில்ல..."

"சத்தியபாய்." லிஜா ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகச் சொன்னாள். "நான் சொல்லுகதக் கேளு. அது அசதி இல்ல. உடனே போய்ப் பிள்ளையத் தூக்கு. வாயில ஒண்ணும் கொடுக்காத. பால் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம். கக்கவைக்கவும் பாக்காத. ஒருச்சாய்ச்சுப் பிடிச்சுக்கோ. அந்தக் குப்பியையும் எடுத்துக்கோ. எலியா அண்ணன் வண்டியில இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. போனை வைக்காத, அப்படியே போட்டுட்டு ஓடு. ஓடு மோளே!"

மறுமுனையில் ரிசீவர் எதன்மீதோ மோதும் ஓசை, சோப்புக்கட்டி தரையில் விழும் ஓசை, ஓடுகின்ற காலடி.

ஷாஜி கூண்டின் கதவருகே வந்து நின்றான். அவள் கையை உயர்த்தி, பேச வேண்டாம் என்று சைகை காட்டினாள். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

தொலைவில், ஒரு வீட்டின் உள்ளிருந்து, தாய் தன் குழந்தையைப் பெயர் சொல்லி அழைப்பது கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு உரக்க, பிறகு அது பெயராக அல்லாமல் வெறும் கூக்குரலாக.

அந்தக் குரலுக்கு நடுவே ஒரு குழந்தையின் அழுகைக்காக லிஜா காது கொடுத்து நின்றாள்.